அவை நாகரிகமும் அதன் வர்க்கப் பின்னணியும்: இலங்கைச் சட்டமன்ற வரலாறு பற்றிய ஒரு நோக்கு

2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் காலை, திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியில், பாலம் அமைக்கும் வேலை நடைபெற்றுக்கொண்டிருந்த நீர்ப்பரப்பைக் கடப்பதற்கு மக்கள் பயன்படுத்திய மிதப்புப் பாதை கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகள் உட்பட அறுவர் அன்றே மாண்டனர். பாராளுமன்றத்திலும் அன்றே இவ்விடயம் எழுந்தது. அனுமதி வழங்கியவர் யார் என்ற வினாவே அங்கு முதன்மை பெற்றது. பொறுப்பு மத்திய அமைச்சுக்கும் உள்ளூராட்சி மன்றத்துக்கும் இடையே கைமாறிற்று. கிண்ணியாவிலோ சினமுற்ற மக்கள் மாவட்ட உறுப்பினர் ஒருவரின் இல்லத்தைத் தாக்கினர். இவ்விரு காட்சிகளையும் ஒருசேர நோக்கும்பொழுது, சட்டமியற்றுவோர் தமக்குள் நாகரிகமாக முரண்பட வேண்டும் என்னும் கோரிக்கை யாருடைய நலன் கருதியது என்ற வினா எழுகின்றது.

அவை நாகரிகம் என்பது ஆளும் வர்க்கத்தின் வெளிப்பூச்சு என்று கூறி இவ்விடயத்தைத் தள்ளிவிடுவது நம்மிற் பலருக்குப் பழகிப்போன ஒன்று. அதில் உண்மை இல்லாமலில்லை. 1833இல் அமைக்கப்பட்ட சட்டநிரூபண சபையில் வீற்றிருந்த இலங்கையர், தேசாதிபதியால் நியமிக்கப்பெற்றோர்; ஆங்கிலங் கற்ற, நிலமும் தொழிலும் உடைய குடும்பத்தினர். 1911இல் 'படித்த இலங்கையர்' தொகுதிக்குத் தேர்தல் நிகழ்ந்து பொன்னம்பலம் இராமநாதன் வெற்றி பெற்றபோதும் வாக்குரிமை மிகச் சிலருக்கே இருந்தது. அவர்களிடையே நிலவிய பரஸ்பர மரியாதை ஒத்த நலன்களின் விளைவாகும். தம் போன்றோருடன் மரியாதையாக முரண்படுவது கடினமன்று.

டொனமூர் யாப்பின் கீழ் 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபின்னரே இம்மரபு சோதனைக்குள்ளாயிற்று. 1936இல் சமசமாசக் கட்சியின் என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனாவும் அரசாங்க சபையுட் புகுந்தனர். இங்குச் சற்றுத் தரித்து நிற்றல் தகும். அவர்கள் சபை விதிகளை எள்ளி ஒதுக்கவில்லை, கற்றுக் கைக்கொண்டனர். பெரேரா லண்டனிற் பாராளுமன்ற நடைமுறைகளை ஒப்பாய்வு செய்தவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1937இல் பிறேஸ்கேர்டில் என்னும் ஆஸ்திரேலிய இளைஞரை நாடுகடத்தத் தேசாதிபதி ஆணையிட்டபோது, அதனைக் கண்டிக்கும் தீர்மானத்திற்குச் சபையின் பெரும்பான்மையினர் வாக்களித்தனர். இடதுசாரிகளின் கொள்கையை வெறுத்தோரும் அவ்வாக்கில் இணைந்தனர். எதிரியின் விதிகளைக் கொண்டே எதிரியைப் பதில் கூற வைக்கலாம் என்பதை நம் முன்னோடிகள் நம்மினும் நன்கறிந்திருந்தனர்.

ஆயினும் அவையினுள் நிலவும் பண்பு வாயிலுக்கு அப்பாற் செல்வதில்லை. 1956 ஜூன் 5இல் அரசகரும மொழி மசோதா சபையில் முன்வைக்கப்பட்ட வேளை, கொழும்புக் காலிமுகத்திடலிற் சத்தியாக்கிரகமிருந்த தமிழரசுக் கட்சியினர் தாக்கப்பட்டனர். தனிச் சிங்களச் சட்டம் நாட்டைப் பிளக்கும் என்று கொல்வின் ஆர். டி சில்வா அவ்விவாதத்தில் எச்சரித்தார். அவர் பேச்சுக்குச் செவி கிடைத்தது, வாக்குக் கிடைக்கவில்லை.

1981இல் நிலைமை தலைகீழாயிற்று; வெளியிலிருந்த வன்முறை அவையின் மொழியாகவே உள்ளே வந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டு இரு மாதங் கழியுமுன், எதிர்க்கட்சித் தலைவர் அ. அமிர்தலிங்கம் மீது ஆளுந்தரப்பு நம்பிக்கையில்லாப் பிரேரணை கொணர்ந்தது. அரசாங்கத்தின் மீதன்றி எதிர்க்கட்சித் தலைவர் மீது நம்பிக்கையில்லை என்று பெரும்பான்மை அறிவிப்பது நடைமுறையளவிலேயே விந்தையானது. அவ்விவாதத்திற் பழங்காலக் கொடுந்தண்டனைகளை விவரித்து, அவை தமிழ்த் தலைவருக்குத் தகுமென உறுப்பினர் சிலர் பேசினர். இரண்டாண்டுகளில் ஆறாவது திருத்தம் வந்தது. அது விதித்த சத்தியத்தை ஏற்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் தம் ஆசனங்களை இழந்தனர். அவைப் பண்பு வெறும் பூச்சு என்று கூறும் நண்பர்கள் இவ்வாண்டுகளை மறுபடியும் படித்தல் வேண்டும். பெரும்பான்மைக்கு வாக்கு உண்டு. சிறுபான்மைக்கு எஞ்சுவது பேச்சுரிமை ஒன்றே. வசைமொழி முதலிற் பறிப்பது அதனைத்தான்.

1977இல் திருகோணமலையிலிருந்து முதன்முறை தெரிவான இரா. சம்பந்தன் 2015 தொடக்கம் 2018 வரை எதிர்க்கட்சித் தலைவராக விளங்கினார். அமிர்தலிங்கத்தின் பின் அப்பதவி வகித்த தமிழர் அவரே. அவருடைய அரசியல் முடிவுகள் சிலவற்றோடு நாம் உடன்படோம். எனினும் 1981ஐ அவையினுள் இருந்து கண்ட ஒருவர், அதே அவையிற் பொறுமையாக நீண்ட வாதங்களை அடுக்கிச் சென்றமை எளிதிற் கடந்துபோகத்தக்கதன்று. அவருடைய பதவிக்காலத்திலேயே, 2018இல், உறுப்பினருக்கான ஒழுக்கக்கோவை நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பர் 16இல் அவையில் மிளகாய்த்தூள் வீசப்பட்டது. சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிசாரின் பாதுகாப்புடன் உட்புக நேர்ந்தது. கோவை எழுதியோருக்கு இதைவிடக் கடுமையான திறனாய்வு வாய்த்திருக்க முடியாது!

இலக்கிய மாணவர் என்ற வகையில் ஒன்றைச் சுட்டலாம். திருக்குறளில் 'நாகரிகம்' என்ற சொல் கண்ணோட்டம் பற்றிய அதிகாரத்தில் வருகின்றது. அங்கு அது நகரத்து ஒழுங்கன்று. எதிரே நிற்பவரை முகங்கொண்டு நோக்கும் பண்பு. ஹன்சாட்டைப் புரட்டும்போது நாம் தேடவேண்டியதும் இதனையே. தகாத சொல் அகற்றப்பட்ட இடத்தில் ஆணைப்படி அகற்றப்பட்டது என்ற குறிப்பைக் காணலாம். கேட்கப்பட்டு விடையின்றிப் போன வினாவுக்கு அத்தகைய குறிப்பு ஏதுமில்லை. குறிஞ்சாக்கேணி பற்றிய பேச்சுகளை இந்நோக்கிற் படித்தல் வேண்டும்: யார் யாரைக் கடிந்தார் என்பதை விட்டு, பாலம் முடியும்வரை பிள்ளைகள் எவ்வழியாற் பாடசாலை செல்வது என்பதை எவர் கேட்டார், எவர் விடை கூறினார் என்று.