பம்பாயின் பெயர் தாங்கிய குருதி

மாட்டுங்காவிலிருந்து இரண்டு ரயில் நிலையங்கள் தள்ளியிருக்கும் பரேல், குருதியியல் வரலாற்றில் ஒரு தனியிடம். அங்குள்ள கே.இ.எம். மருத்துவமனை வளாகத்தைச் சேர்ந்த பெண்டே, தேஷ்பாண்டே, பாட்டியா ஆகியோர், லண்டன் அறிஞர்களுடன் இணைந்து, 1952 மே மாத 'லான்செட்' இதழில் ஒரு புதிய குருதிப் பண்பை அறிவித்தனர். சோதனைக் குழாயில் 'ஓ' வகையெனத் தோன்றும் அக்குருதி, 'ஓ' வகையையே ஏற்பதில்லை. 'ஏ', 'பி' இரண்டுக்கும் அடித்தளமான 'எச்' என்னும் பொருளே அதன் சிவப்பணுக்களில் இல்லை.

குழந்தைகளின் இதய அறுவையில்தான் இதன் கனம் முழுமையாக உறைக்கிறது. மூன்று கிலோ எடையுள்ள சிசுவின் உடலில் ஓடுவது ஏறத்தாழ 250 மில்லிலிட்டர் குருதி. இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களை உப்புநீரால் மட்டும் நிரப்பினால் அக்குருதி வெகுவாக நீர்த்துவிடும். உறையும் ஆற்றலும் குன்றும். ஆகவே பிறர் குருதி சேர்க்கப்படுகிறது. 1954இல் மின்னசோட்டாவில் லில்லிஹை இயந்திரமே இன்றி, தந்தையின் இரத்த ஓட்டத்தோடு குழந்தையின் ஓட்டத்தை இணைத்து அறுவை செய்தார். அம்முதற் குழந்தை பதினொரு நாளில் இறந்தது; ஆயினும் அம்முறையில் அறுவை செய்யப்பட்ட 45 பேரில் பாதிக்கும் மேற்பட்டோர் பிழைத்து வீடு திரும்பினர்.

பம்பாய் வகைக் குழந்தைக்கு அந்த வழியும் அடைபட்டதே. பெற்றோர் இருவரும் பெரும்பாலும் அக்கூறைச் சுமப்பவர்களேயன்றி அவ்வகையினர் அல்லர். பெற்ற குருதியே பிள்ளைக்கு அந்நியமாகிறது. உடன்பிறந்தவருக்கு நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மாமன், அத்தை மக்கள் மணம் வழங்கும் நம் குடும்பங்களில் இத்தகைய கூறுகள் கூடிவருவதும் இயல்பு.

1974இல் பாட்டியாவும் சாத்தேவும் பம்பாயில் 7,600 பேருக்கு ஒருவர் எனக் கணக்கிட்டனர். ஆயினும் 'பம்பாய்' என்னும் பெயர் சோதித்த ஊரைச் சொல்லுமேயன்றிக் குருதியின் பூர்வீகத்தைச் சொல்லாது என்றே கருதுகிறேன். ஊர் மும்பையான பின்னும் குருதிக்கு அப்பெயரே நிலைத்துவிட்டது! பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் பெருமளவில் சென்று குடியேறிய ரீயூனியன் தீவிலும் இவ்வகை உண்டு. இந்தியாவில் காணும் அதே மரபணுப் பிறழ்வு அத்தீவின் இந்திய வம்சாவளியினரிடமும் இருப்பதை 1998இல் வெளியான ஆய்வு உறுதிசெய்தது. கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியவர் எவர் குருதியில் அது சென்றது என்பதற்கு எந்தப் பதிவேடும் இல்லை.