கிமோனோவும் மருதமுனைச் சாரமும்

யப்பானியரின் கிமோனோவையும் கல்முனைக் கரையோரத்து முஸ்லிம் ஊர்களில் உடுக்கப்படும் சாரத்தையும் ஒருங்கே வைத்து ஆராய்வது பொருந்தாச் செயலெனச் சிலர்க்குத் தோன்றலாம். முன்னையது தோள்முதல் கணுக்கால்வரை தொங்கும் நெடிய மேலாடை. பின்னையது இடையிற் சுற்றிச் செருகும் எளிய உடை. எனினும், தறியிலிருந்து இறங்கிய துணியை வளைவாக வெட்டாது நேர்விளிம்போடு பயன்படுத்துதல் இரண்டிற்கும் பொதுவான இயல்பாகும். இன்னுமொரு தொடர்பும் உண்டு. தமிழ்நாட்டின் கீழைக்கரையில் நெய்யப்பெற்ற கோட்டுத் துணிகள் இவ்விரு உடைகளின் வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளன.

கிமோனோ என்பதற்கு ‘உடுக்கும் பொருள்’ என்பதே நேர்ப்பொருள். சீனத்து அரசவை உடையைப் பின்பற்றி எழுந்த மேலாடைகளில், இடப்பக்கத்தை வலப்பக்கத்தின்மேல் மடித்து அணிதல் வேண்டுமென 719ஆம் ஆண்டில் யப்பானிய அரசு விதித்தது. அவ்விதி இன்றளவும் வழுவாது பேணப்படுகின்றது. இறந்தோர்க்கு மட்டுமே மாறாக மடித்து உடுத்துவர். பழங்காலத்தில் உள்ளாடையாக இருந்த ‘கொசோதே’ என்னும் சிறுகைச் சட்டை, காலப்போக்கில் மேலாடையாகி, எடோ காலத்தில் (1603–1868) எல்லா வகுப்பினர்க்கும் உரிய உடையாயிற்று. ஏறத்தாழ 14 அங்குல அகலமும் 12 மீற்றர் நீளமும் கொண்ட ஒரு சுருள் துணியிலிருந்து ஓர் ஆடை அமையும். உடலுக்கும் கைகளுக்கும் கழுத்துப்பட்டிக்கும் வேண்டிய துண்டுகள் யாவும் நேராகவே வெட்டப்படுதலால் துணி சிறிதும் வீணாவதில்லை. வெளுக்கும்போது தையலைப் பிரித்துத் துண்டுகளை மீண்டும் ஒன்றாய் இணைத்து, நீண்ட துணியாக்கிக் கழுவி, விறைப்பாக இழுத்து உலர்த்துவர். தாயின் ஆடை மகளுக்கு அளவாவதும் இதனாலேயே.

1543இல் யப்பானை அடைந்த போர்த்துக்கேயரும், அவர்க்குப் பின் வந்த ஒல்லாந்தரும் அந்நாட்டுக்குக் கொணர்ந்த சரக்குகளில் இந்தியப் பருத்தித் துணிகள் குறிப்பிடத்தக்கவை. ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி 1613இல் பழவேற்காட்டிற் கோட்டை அமைத்தது. 1641முதல் நாகசாக்கியிலுள்ள தெசிமா என்னும் சிறுதீவே யப்பானில் அதற்குரிய ஒரே வணிகத்தலமாயிற்று. அச்சிட்டும் வரைந்தும் சாயமேற்றிய துணிகளை யப்பானியர் ‘சரசா’ என்றனர். மெல்லிய கோடுகளோடு கூடிய பருத்தித் துணிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘சந்தோமே’ என்பது. மயிலாப்பூரையடுத்த சாந்தோமின் பெயரே அது! அவ்வூரை ஒருபோதும் காணாத எடோ நகரத்து வணிகன் அதன் பெயரைச் சொல்லித் துணி கேட்டான்.

இக்கோட்டுத் துணி அங்கு வேரூன்றியதற்கு அரசாணைகளும் காரணமாயின. செல்வம் மிகுந்த நகரமாந்தர் பொன்னிழை வேலைப்பாடும் பகட்டான பட்டும் அணிவதை அரசு 1683இலும் பின்னரும் தடுத்தது. ஆதலின், அடங்கிய நிறமும் நுண்ணிய கோடுமே உயர்ந்த சுவையின் அடையாளங்களாயின. உத்தமாரோவின் ஓவியங்களிற் கோட்டாடை அணிந்த மகளிரைக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கவகோயே நகரத்தார் அதே கோடுகளைத் தாமே நெய்யத் தலைப்பட்டனர்.

பழவேற்காட்டின் பெயர் ஈழத்திலும் நிலைத்தது. போர்த்துக்கேயர் அதனைப் ‘பலயகாத்’ எனத் திரித்து வழங்கினர். இலங்கையில் நுண்ணிய கட்டமிட்ட சாரத்துக்குப் ‘பளயகாட்’ என்னும் பெயர் அதனடியாகவே வந்தது. ‘சாரம்’ என்பது மலாய்ச் சொல்லின் வழிவந்தது. தமிழ்நாட்டு முஸ்லிம்கள் இதனையே ‘கைலி’ என்பர். கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்புக்கும் பெரியநீலாவணைக்கும் இடையில் அமைந்த மருதமுனை, இச்சாரத்தையும் சேலையையும் நெய்து பெயர்பெற்ற ஊராகும். புலவர்மணி ஆ. மு. ஷரிபுத்தீனைத் தந்த அவ்வூர் புலமையாற் பெற்ற புகழுக்குத் தறியாற் பெற்ற புகழ் குறைந்ததன்று. வீடே அங்குத் தொழிற்சாலை. நூலைச் சாயத்தில் தோய்த்தல், பாவோடுதல், தாறு சுற்றுதல் ஆகியவற்றிற் குடும்பத்தார் யாவரும் கைகொடுத்தாலன்றித் தறி ஓடாது. நெய்தவனின் கூலியை மட்டும் கணக்கிட்டு ஒரு சாரத்தின் விலையை மதிப்போர் இவ்வுழைப்பைக் காண்பதில்லை.

துணி இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்திற் கைத்தறி செழித்தது. 1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்தபின், வெளிநாட்டு ஆலைத்துணியோடு விலையிற் போட்டியிட இயலாது பல தறிகள் ஓய்ந்தன. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அவ்வூரின் கரையோர வீடுகளோடு தறிகளையும் கொண்டுபோயிற்று. மகளிர் உடையில் நேர்ந்த மாற்றமும் கருதத்தக்கது. சேலையும் முக்காடுமாக இருந்த இடத்தில், கடந்த சில பத்தாண்டுகளாக அபாயா பரவியுள்ளது. அதற்கு வேண்டிய துணி ஊர்த்தறியில் நெய்யப்படுவதன்று. ஒருகாலத்தில் இக்கடல்வழியே பருத்தித்துணியை வாங்கிய யப்பானின் ஆலைகள், இன்று அரபுநாட்டு ஆடவரின் வெண்ணிற நெடுஞ்சட்டைக்கு வேண்டிய செயற்கையிழைத் துணிக்குப் பெயர்பெற்றிருத்தல் வணிக வரலாற்றின் வேடிக்கைகளுள் ஒன்று.

யப்பானிலும் உடைமரபு தாக்கமுறாமல் இல்லை. 1872இல் அரச அலுவலரின் சடங்குடை மேனாட்டு உடையாக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் கிமோனோ அன்றாட உடை என்னும் நிலையை இழந்து, திருமணத்துக்கும் தேநீர்ச் சடங்குக்கும் திருவிழாவுக்கும் உரியதாயிற்று. ஆனால் அந்நாட்டரசு கைவினைஞரைக் கைவிடவில்லை. தலைசிறந்த நெசவாளரையும் சாயக்கலைஞரையும் 1955முதல் தேசிய மதிப்புக்குரியோராக அறிவித்து உதவியது. 1974இல் மரபுக் கைத்தொழில்களுக்கெனத் தனிச்சட்டமும் இயற்றியது. இசே மியாக்கே போன்ற உடைவடிவமைப்பாளர், ஒரே துணியால் உடலைப் போர்த்தும் பழைய கொள்கையைப் புதிய உடைகளிற் கையாண்டு உலகப் புகழ் எய்தினர்.

ஆக, யப்பானில் உடை அன்றாட வாழ்விலிருந்து விலகியும் தறிக்கலை மதிப்போடு பேணப்படுகின்றது. கல்முனைக் கரையிலோ நிலைமை நேர்மாறு. கடைத்தெருவிலும் வயலிலும் வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசலிலும் சாரம் உயிரோடிருக்கின்றது. அதனை நெய்யும் கைத்தறியே அருகி வருகின்றது. உடுப்போர் இல்லாத உடையைப் பேணுதல் அரிது என்பர். உடுப்போர் நிறைந்த ஊரிலேயே நெசவு நலிவதற்கு, இறக்குமதிக் கொள்கை வகுத்தோரும் விலைமலிவு ஒன்றையே நாடும் வாங்குவோரும் பொறுப்பாளிகள் ஆவர்.

வரலாற்றாசிரியனுக்கு இதில் வேறோர் இடர்ப்பாடும் உண்டு. கிகோனே நகரத்து ஈ குடும்பத்தார் சேர்த்துவைத்த 450 சரசாத் துண்டுகள் இன்று தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. பழைய இந்தியத் துணிகளை ஆராய்வோர் அவற்றை நாடிச் செல்கின்றனர். இக்கரையிலோ, பழஞ்சேலை குழந்தைக்கு ஏணையாகும். கிழிந்த சாரம் கைபிடித்துணியாகி அடுப்படியிற் கரியேறும்.