மண்டியும் புளிப்பும்: மஸ்கடே வெள்ளை ஒயினின் இயல்பு குறித்து

பிரான்சின் மேற்கில், லுவார் ஆறு அட்லாண்டிக் கடலை நெருங்கும் இடத்தில், நாந்த் நகரையொட்டிப் பரந்து கிடக்கும் திராட்சைத் தோட்டங்களிலிருந்து பெறப்படும் மஸ்கடே, வெளிறிய நிறமும் அடங்கிய மணமும் நாவைச் சிலிர்க்கச் செய்யும் புளிப்பும் கொண்ட வெள்ளை ஒயின் ஆகும். இவ்வியல்புக்குக் கடற்காற்றையும் நிலத்தடிப் பாறையையும் காரணமாகச் சொல்வது நெடுநாள் வழக்கம். வணிக எழுத்துக்கு அது போதும். ஆயினும் இந்த ஒயினின் வரலாற்றையும் செய்முறையையும் சேர்த்து நோக்கினால், வணிகத் தேவை நிலைநிறுத்திய தன்னடக்கமான ஒரு கொடியும், நிலவறையில் கையாளப்படும் ஒரு பழக்கமுமே அதன் இயல்பைப் பெரிதும் தீர்மானித்தன என்பது புலப்படும்.

மஸ்கடேக்குரிய கொடி மெலோன் த பூர்கோஞ். பினோ, குவே பிளாங் ஆகிய இரண்டின் கலப்பில் பிறந்தது இது என்பதும், உலகப் புகழ் பெற்ற ஷார்தொனே இதற்கு உடன்பிறப்பு என்பதும் 1999-இல் வெளியான மரபணு ஆய்வால் தெரியவந்தன. எனினும் உடன்பிறப்பின் பழச்சுவை வளம் இதற்கு வாய்க்கவில்லை. லுவார் கரையிலேயே வளரும் ஷெனின் கொடியோடு ஒப்பிட்டால் மெலோனின் அமிலம் மிகுதியானதும் அன்று. அதே நாந்த் வட்டாரத்தில் ஃபோல் பிளான்ஷ் என்னும் கொடியிலிருந்து குரோ பிளான் என்ற ஒயின் பெறப்படுகிறது. கடற்காற்று அதற்கும் பொது, புளிப்பு இன்னும் கடுமையானது, ஆனால் மஸ்கடேயின் பெயர் அதற்குக் கிட்டவில்லை. புளிப்பு மட்டுமே, அல்லது இடம் மட்டுமே, இந்த ஒயினை ஆக்கிவிடவில்லை என்பதற்கு இது சான்று. குரோ பிளானும் மண்டியோடு, அதாவது நொதித்தலுக்குப் பின் அடியில் படியும் ஈஸ்டோடு, வைக்கப்படுவது உண்டாதலால், கொடியின் பங்கை முற்றிலும் ஒதுக்கிவிடவும் முடியாது.

மெலோன் இங்கே நிலைபெற்றதற்குக் கடலும் உறையுமளவு கடுமையாக இருந்த 1709-ஆம் ஆண்டுப் பெருங்குளிரே காரணம் என்று பொதுவாக எழுதப்படுகிறது. மற்றக் கொடிகள் மடிந்தபோது குளிரைத் தாங்கும் மெலோன் பரவலாக நடப்பட்டது உண்மையே. ஆனால் அது முன்னதாகவே துளிர்க்கும் கொடியாதலால் இளவேனில் உறைபனிக்கு எளிதில் இரையாகிறது. 1991, 2008, 2017 ஆகிய ஆண்டுகளில் நேர்ந்த சேதம் இதைக் காட்டும். ஆகவே தட்பவெப்பம் பாதி விளக்கமே. மீதியைப் 17-ஆம் நூற்றாண்டின் டச்சு வணிகத்தில் தேட வேண்டும். காய்ச்சி வடித்து பிராந்தியாக்குவதற்கு மணம் குறைந்த மலிவான வெள்ளை ஒயின் டச்சுக்காரர்களுக்குத் தேவைப்பட்டது. ஆற்றின் மேற்புறத்து ஆன்ஷூ பகுதியின் ஒயின் கடலுக்கு இறங்கும் வழியில் இங்க்ராந்த் எல்லையில் சுங்கம் கட்ட வேண்டியிருக்க, அந்த எல்லைக்குக் கீழே இருந்த நாந்த் ஒயினுக்குச் சுங்கச் சுமை இல்லை. வரியைத் தாங்கும் விலை பெற மேற்புறத்தார் தரத்தை நாட, நாந்த் விவசாயிகள் அளவை நாடினர். இன்று மென்மை என்று பாராட்டப்படும் மணக்குறைவு, அன்று வாணிபம் விரும்பிக் கேட்ட பண்பாக இருந்தது.

இத்தகைய வெறுமையான சாற்றுக்குச் சுவை கூட்டுவது மண்டி. நொதித்தல் முடிந்தபின் பாத்திரத்தின் அடியில் படியும் இறந்த ஈஸ்ட் செல்களே மண்டி எனப்படுகின்றன. ஒயினைத் தெளிவாக வடித்து வேறு கலத்துக்கு மாற்றுவது பல இடங்களில் வழக்கமாயிருக்க, நாந்த் பகுதியில், பெரும்பாலும் தரைக்குள் புதைந்த காங்கிரீட் தொட்டிகளில், குளிர்காலம் முழுவதும் ஒயினை மண்டியின் மேலேயே விட்டுவைக்கின்றனர். அப்போது ஈஸ்ட் செல்கள் தம் நொதிகளாலேயே சிதைந்து, அமினோ அமிலங்களையும் மேனோபுரதம் எனப்படும் செல்சுவர்ப் பொருளையும் ஒயினில் கலக்கவிடுகின்றன. இவை புளிப்பின் முரட்டுத்தனத்தைக் குறைத்து, ரொட்டி மணத்தின் சாயலையும் நாவில் சற்றுத் தடிப்பையும் தருகின்றன. மண்டி ஆக்சிஜனை உறிஞ்சிக்கொள்வதால் ஒயின் பழுப்பேறாமல் காக்கப்படுகிறது. வடித்து மாற்றாததால் நொதித்தலில் தோன்றிய கரியமில வாயுவும் ஓரளவு உள்ளேயே தங்கி, அருந்தும்போது மெல்லிய குறுகுறுப்பை உண்டாக்குகிறது. புத்துணர்ச்சி என்று அருந்துவோர் உணர்வதில் இவ்வாயுவின் பங்கு கணிசமானது. பாறையின் மேல் ஏற்றப்படும் பெருமையில் ஒரு பகுதி இதற்குச் சேர வேண்டியது. பாக்டீரியாக்கள் மாலிக் அமிலத்தை மென்மையான லாக்டிக் அமிலமாக மாற்றும் இரண்டாம் நொதித்தலைப் பொதுவாகத் தவிர்த்துவிடுவதும் கூர்மையைக் காக்கிறது.

திருமணம் போன்ற விசேடங்களுக்கென ஒதுக்கிய நல்ல பீப்பாயை வடிக்காமல் வைத்ததிலிருந்து இப்பழக்கம் வளர்ந்தது என்பது அவ்வூர் மரபுச் செய்தி. அது எப்படியாயினும், பின்னர் இது சட்டமாயிற்று. மஸ்கடே விளையும் செவ்ர் எ மேன் பகுதிக்கு 1936-இல் தோற்றப் பெயர்க் காப்பு கிடைத்தது. ‘சூர் லீ’, அதாவது மண்டியின் மேல் என்ற குறிப்பைப் புட்டியில் இட, ஒயின் ஒரு குளிர்காலத்தை மண்டியோடு கழித்து, குறித்த காலவரம்புக்குள், நொதித்த நிலவறையிலேயே புட்டியில் அடைக்கப்பட வேண்டும்.

இவ்விதியின் விளைவு ஒன்று விசித்திரமானது. கிளிசோன், கோர்ஷ், ல பாலே ஆகிய மூன்று ஊர்ப் பெயர்கள் 2011-இல் தனித் தகுதி பெற்றன. முதல் இரண்டுக்கும் மண்டியோடு 24 மாதங்கள் வைத்தல் கட்டாயம். ஆயினும் ‘சூர் லீ’க்குரிய காலவரம்பை மீறுவதால், மிக நீண்டகாலம் மண்டியில் கிடந்த இவ்வொயின்களே அக்குறிப்பை இட முடியாதவை ஆகின்றன. கிளிசோனின் கிரானைட்டும் கோர்ஷின் கப்ரோ பாறையும் இருவேறு சுவைகளைத் தருவதாகச் சொல்லப்படுவதில் உண்மை இருக்கலாம்; வேர் இறங்கும் ஆழத்தையும் நீர் தங்கும் அளவையும் பழம் முதிரும் வேகத்தையும் பாறை பாதிக்கக்கூடும். ஆனால் அந்த ஊர்களில் பாறையோடு விளைச்சல் கட்டுப்பாடும் மண்டியில் வைக்கும் காலமும் ஒருசேர மாறுகின்றன. இவை மூன்றையும் பிரித்தறியாதவரை, புட்டியில் உணரப்படும் வேறுபாட்டைக் கல்லுக்கே உரிமையாக்குவதற்கு இடமில்லை.