செம்மண் மேட்டில் சதுரக் கணக்கு

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு மேற்கே திரும்பிச் செம்மண் மேட்டில் ஏறினால் வரும் குயிலாப்பாளையத்தில், வானூர் வட்டத்துச் சிற்றூர்கள் பலவற்றைப் போலவே, இரண்டு தலைமுறைக்கு முன்பு வீடு என்பது மொத்தமாக விலை பேசி வாங்கும் பண்டமாக இருக்கவில்லை. காலடியில் கிடந்த மண்ணைக் குழைத்துச் சுவர் வைத்து, சவுக்குக் கழியையும் மூங்கிலையும் கட்டி, மேலே கீற்று வேய்ந்து, வேலைக்கு வந்தவர்களுக்கு அன்றன்றைய கூலியும் மத்தியானச் சாப்பாடும் கொடுத்து முடித்த அந்தக் கிருகங்களுக்கு எஸ்டிமேட்டும் இல்லை, உடன்படிக்கையும் இல்லை. திண்ணை இன்னும் இரண்டு முழம் நீள வேண்டும் என்று வீட்டுக்காரருக்கு நடுவில் தோன்றினால், இன்னும் இரண்டு நாள் கூலி ஆகும், அவ்வளவுதான். மாற்றத்தை விரும்பியவரே அதன் செலவை அன்று மாலையே தம் மடியிலிருந்து அவிழ்த்துக் கொடுத்துவிடுவதால், பிறகு அதைப் பற்றி வியவகாரம் எழ இடமே இல்லாதிருந்தது.

ஓடும் செங்கல்லும் வந்த வீடுகளிலும், கூலிக்கு அப்பாற்பட்ட செலவுகளுக்குச் சம்பிரதாயமே வரம்பு கட்டியிருந்தது. கடைக்கால் தோண்டும் நாள், வாசல் நிலை வைக்கும் நாள், தச்சு கழிக்கும் இரவு என்ற மூன்று சந்தர்ப்பங்களிலும் கொத்தனாருக்கும் தச்சருக்கும் வெற்றிலை பாக்கோடு வேட்டி, துண்டு, ரொக்கம் வைத்துக் கொடுப்பது தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் இன்றும் நடக்கிற வழக்கம். எவ்வளவு என்று எவரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் வீட்டுக்காரரின் சக்தியையும் வேலையின் தரத்தையும் ஊரே அறிந்திருந்தபடியால், அந்தத் தொகை தானாகவே நியாயமான ஓர் எல்லைக்குள் நின்றது.

முன்கூட்டித் தொகை பேசாத இந்த முறையின் உச்சமென்று சொல்லத்தக்க ஓர் உதாரணம் பக்கத்திலேயே, புதுச்சேரியில் இருக்கிறது. ஸ்ரீ அரவிந்த ஆசிரமத்தின் கோல்கொண்டே விடுதியை வரைந்த அந்தோனின் ரேமண்ட் என்ற செக் நாட்டுக் கட்டடக் கலைஞர், அந்த நிர்மாணத்துக்குக் காலக்கெடு விதிக்கப்படவில்லை, பணத்துக்கும் வரம்பு குறிக்கப்படவில்லை, கான்ட்ராக்டர் என்று ஒருவரும் இல்லை என்று தம் சுயசரிதையில் பதிவு செய்திருக்கிறார். ஹைதராபாத் திவான் சர் அக்பர் ஹைதரியின் மூலம் கிடைத்த ஒரு லட்சம் ரூபாய் நன்கொடையோடு 1930களின் பிற்பகுதியில் தொடங்கிய அந்த வேலையில், ஆசிரமவாசிகளே கான்கிரீட் கலந்தார்கள். ரேமண்டோடு பணிபுரிந்த ஜார்ஜ் நகஷிமாவும் பிரான்சுவா சாம்மரும் அருகிருந்து மேற்பார்த்தார்கள். கதவுகளுக்கான பித்தளைச் சாமான்கள்கூட அங்கேயே வார்க்கப்பட்டன. யுத்த காலத்தின் பொருள் தட்டுப்பாட்டையும் தாண்டி அது நிறைவெய்தியதற்கு, வேலையின் தேவையை அனுசரித்துச் செலவு மாறலாம் என்ற சம்மதம் முதல் நாளிலேயே இருந்ததுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் அத்தகைய சம்மதத்தைத் தர, சேமிப்பையும் கடனையும் நம்பி வீடு கட்டும் குடும்பஸ்தரால் இயலாது.

1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டு, குயிலாப்பாளையத்தை ஒட்டியே ஆஸ்பிரேஷன் குடியிருப்பு எழுந்து, 1971இல் மாத்ரிமந்திர் வேலையும் ஆரம்பமானபோது, சுற்றுவட்டாரத்து மக்கள் பலர் அந்தப் பணியிடங்களில் கூலி வேலைக்குச் சேர்ந்தார்கள். கம்பி கட்டவும், சென்டரிங் அடிக்கவும், வரைபடத்தைப் பார்த்து நூல் பிடிக்கவும் அங்கே கற்ற கைகள், பின்னர் ஊருக்குள்ளும் கான்கிரீட் தளம் போட்டன. தளம் வந்தவுடன் கணக்கும் மாறிற்று. சிமென்ட் மூட்டைக்கும், கம்பிக்கும், யூனிட் யூனிட்டாக வரும் மணலுக்கும் ஜல்லிக்கும் கடையில் ரொக்கம் வைக்க வேண்டியிருந்ததால், மொத்தச் செலவை முன்கூட்டி அறிய வீட்டுக்காரர் விரும்பினார். நூறு சதுர அடியை ஒரு சதுரம் என்று கொண்டு, சதுரத்துக்கு இவ்வளவு என்று மேஸ்திரி விலை சொன்னார். கூலியை மட்டும் பேசினால் லேபர் கான்ட்ராக்ட். சாமான்களையும் சேர்த்துப் பேசினால் ஃபுல் கான்ட்ராக்ட்.

இந்த இடத்தில்தான் நாம் நின்று பார்க்க வேண்டும். இன்னும் வாங்காத சாமானுக்கு எப்படி இன்றே விலை சொல்வது? அதற்காகவே ஃபுல் கான்ட்ராக்டில் தரைக்கல், குழாய், கதவு, மின்விளக்குப் பாயிண்ட் ஆகியவற்றுக்கு ஓர் உத்தேச விலையைக் குறிக்கிறார்கள். டைல்ஸ் சதுர அடிக்கு 50 ரூபாய் வரை என்று எழுதியிருக்க, வீட்டுக்காரர் மனைவியோடு கடைக்குப் போய், வெளிச்சத்தில் பளிச்சிடும் 85 ரூபாய்க் கல்லைத் தேர்ந்தெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 700 சதுர அடித் தரைக்கு வித்தியாசம் 24,500 ரூபாய். கணக்கு அதோடு முடிவதில்லை. வெட்டும்போது உடையும் சேதாரத்தை எந்த விலையில் சேர்ப்பது? ஏற்றுகூலியும் இறக்குகூலியும் அந்த ஐம்பதுக்குள் அடக்கமா? பெரிய கல்லைப் பதிக்கக் கொத்தனார் கேட்கும் கூடுதல் கூலி யாருடையது? மாறாக, 40 ரூபாய்க் கல்லே போதும் என்று அவர் எடுத்திருந்தால் மிச்சமான பத்து ரூபாய் அவருக்குத் திரும்ப வேண்டும். பெரும்பாலோர் இதைக் கேட்பதே இல்லை. உத்தேச விலை என்பது வீட்டுக்காரருக்கு விதித்த உச்சவரம்பும் அல்ல, மேஸ்திரிக்கு எழுதிக் கொடுத்த லாபமும் அல்ல. வாங்கியபின் நேர்செய்ய வேண்டிய ஓர் இடைக்காலத் தொகை மாத்திரமே.

டைல்ஸாவது கண்ணுக்குத் தெரியும் பொருள். கடைக்கால் ஐந்தடி என்று பேசியிருக்க, பழைய ஓடையைத் தூர்த்த இடமாக அமைந்து ஏழடி போனால்தான் கெட்டி மண் வருகிறது என்றால், மண்ணுக்குள் மறையும் அந்த இரண்டடியின் செலவைப் பிறகு நிரூபிப்பது எளிதன்று. சம்பும் செப்டிக் டேங்கும் சதுரக் கணக்கில் சேருமா, சன்ஷேடையும் அளந்து கூட்டுவார்களா, லாஃப்டுக்குத் தனிக் கூலியா என்பவையெல்லாம் பேசாமல் விட்டால், எல்லாமே கடைசியில் ‘எக்ஸ்ட்ரா’ என்ற ஒரே சொல்லுக்குள் வந்து குவிகின்றன. இதில் ஒருவர் திருடர், மற்றவர் ஏமாளி என்று நான் கருதவில்லை. பழைய நாளில் மாற்றமும் அதன் செலவும் ஒரே மாலைப்பொழுதில் சந்தித்துக்கொண்டன. சதுரக் கணக்கு அவற்றைப் பல மாதம் பிரித்துவிட்டது.

பொதுப்பணித் துறை இந்தச் சிக்கலை வெகுகாலமாக அறிந்திருந்தது. ஒப்பந்தத்தில் இல்லாத வேலைக்கு எழுத்து மூலமான உத்தரவு, அட்டவணை விலையை ஒட்டி வகுத்த விகிதம், மூடுவதற்கு முன்பே அளவுப் புத்தகத்தில் பதிவு என்று அது கட்டுப்பாடு செய்துகொண்டது. சட்டத்திலும் வழி உண்டு. 1872ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, இருவரும் சம்மதித்தால் ஒப்பந்தத்தை மாற்றிக்கொள்ள இடமளிக்கிறது. 70ஆம் பிரிவு, இனாமாகச் செய்யும் எண்ணமின்றி ஒருவர் செய்ததன் பயனை அனுபவித்தவர் அதற்கு ஈடு தர வேண்டும் என்கிறது. வங்காளத்தில் அதிகாரிகள் கேட்டுக்கொண்டபடி, முறையான ஒப்பந்தம் இல்லாமலே கிடங்குகள் கட்டித்தந்த பி.கே. மண்டல் நிறுவனத்துக்கு, இந்த 70ஆம் பிரிவைக் கொண்டே உச்ச நீதிமன்றம் பணம் சேர வழி செய்தது. ஆயினும் எட்டுச் சதுர வீட்டுக்காக அத்தனை தூரம் எவர் போவார்?

நான் மதிக்கும் மேஸ்திரிகள் சிலரிடம் ஒரு நீள நோட்டு இருக்கும். சனிக்கிழமை மாலை கூலிப் பட்டுவாடா முடிந்ததும், அந்த வாரத்து மாற்றங்களை வீட்டுக்காரர் எதிரிலேயே எழுதுவார்கள்: கிழக்குச் சன்னல் இரண்டடி தள்ளியது, ஆள் இரண்டு, சிமென்ட் ஒரு மூட்டை, இவ்வளவு ரூபாய். கீழே இருவர் கையெழுத்தும், சிமென்ட் காயாத விரலின் சாம்பல் நிறத் தடமும் இருக்கும். அப்படிக் கணக்கு எழுதிய ஒரு வீட்டில், தச்சு கழிக்கும் இரவுக்கு முந்தைய சனிக்கிழமையே பாக்கி முழுவதும் தீர்ந்துவிட்டதை நான் கண்டிருக்கிறேன். மறுநாள் இரவு தட்டில் வைத்து நீட்டிய வேட்டியையும் துண்டையும் மேஸ்திரி இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதன் மேலிருந்த ரூபாயை எண்ணிப் பார்க்கவில்லை.