சார்லி பதிந்த கேசட்

இன்னைக்கு ஒரு கேசட்டோட கதை.

1999-ல் ஸ்டீவன் ஷபாஸ்கி எழுதிய 'தி பெர்க்ஸ் ஆஃப் பீயிங் எ வால்ஃப்ளவர்' நாவல் வெளிவந்தது. கதை நடப்பது 1991-92, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பக்கம். சார்லிக்கு 15 வயசு. நெருங்கின நண்பன் உயிரோட இல்லை. புதுப் பள்ளியில பேச ஆளில்லை. அப்புறம் பேட்ரிக், சாம்னு ரெண்டு பேர் அவனைச் சேர்த்துக்குறாங்க. கிறிஸ்துமஸுக்கு பேட்ரிக்குக்காக ஒரு கேசட் பதியுறான் சார்லி. தி ஸ்மித்ஸின் 'அஸ்லீப்' அதுல ரெண்டு தடவை வரும்.

இந்தக் கேசட்டை பிலிப்ஸ் 1963-ல் அறிமுகப்படுத்தியது. 1981-ல் பிரிட்டன் இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம், வீட்டில் பாட்டுப் பதிவது இசையையே கொல்லுதுன்னு பிரசாரம் செய்தது. அவங்க கணக்குல அது விற்காமல் போன இன்னொரு ரெக்கார்டு.

ஆனா அந்தக் கணக்குல நேரம் வரல. ஒவ்வொரு பாட்டா எடுத்து 90 நிமிஷக் கேசட்டை நிரப்பணும்னா, 90 நிமிஷமும் பக்கத்துலயே உட்காரணும். பாட்டு முடியுற நேரம் பார்த்து பட்டனை அமுக்கணும். "என்னோட ஃப்ரெண்டா இரு"ன்னு வாயால கேட்கத் தெரியாத பையனுக்கு அதுதான் பேச்சு.

இப்போ பிளேலிஸ்ட் லிங்க் அனுப்ப ஒரு நொடி போதும். நானும் அனுப்புறேன். பதில் ஒரு ஹார்ட். யாரும் கேட்டாங்களான்னு தெரியாது.