மலையக இளைஞரும் பொது இணைய நிலையங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

இலங்கையின் மத்திய மலைநாட்டிலே கல்வி வசதி எதுவும் தோட்ட எல்லையிலே நெடுங்காலம் காத்திருந்தே உள்ளே நுழைந்திருக்கின்றது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வசதி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் விட்டது. அப்பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதோ 1977இலாகும். கணினியும் இணையமும் மலையக இளைஞரை நாடிவந்த வரலாறும் இப்போக்கிற்குப் புறம்பானதன்று.

இம்முயற்சிகளுள் முதற்கண் நோக்கத்தக்கது கொத்மலை அனுபவமாகும். மகாவலித் திட்டத்தையொட்டி 1989இல் எழுந்த கொத்மலைச் சமுதாய வானொலியுடன், யுனெஸ்கோவின் துணையோடு 1998–1999 காலப்பகுதியில் இணையம் இணைக்கப்பட்டது. நேயர்கள் வினாக்களை விடுத்தனர்; ஒலிபரப்பாளர் இணையத்திலே விடை தேடி, துறைசார்ந்தோரின் துணையுடன் வானொலியில் விளக்கினர். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் இணைய வசதி அமைந்தது. கணினியைக் கண்டிராதவரும் அதன் பயனைச் செவிவழி பெறுதல் கூடும் என்பதை உலகுக்குக் காட்டிய முயற்சி இது. ஆயினும் ஒலிபரப்பு பெரும்பாலும் சிங்கள மொழியிலேயே அமைந்தமையால், அயலிலுள்ள தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் அப்பயனை முழுமையாக எய்தினர் எனக் கொள்வதற்கில்லை.

2003ஆம் ஆண்டு இருவகையிற் குறிப்பிடத்தக்கது. இந்திய வம்சாவளியினருக்குப் பிரசாவுரிமை வழங்கும் 35ஆம் இலக்கச் சட்டமும், தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்துக்கான 27ஆம் இலக்கச் சட்டமும் அவ்வாண்டிலேயே நிறைவேறின. பின்னைய சட்டத்தின்வழி உருவான முகவரகம் ‘நெனசல’ எனும் அறிவகங்களை நாடெங்கும் நிறுவியது. அத்திட்டம் 2014இல் கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர் விருதினைப் பெற்றது.

எனினும், அறிவகங்கள் பலவும் நூலகம், வழிபாட்டிடம் முதலாய பொதுக் கட்டடங்களைச் சார்ந்தே அமைந்தன. லயன்களுக்கு நடுவே அத்தகைய பொதுக் கட்டடங்கள் அருகியிருந்தமைக்குச் சட்டமும் ஒரு காரணமாகும். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், தோட்ட நிலத்துள் சபைகள் பொது நிதியைச் செலவிடுதற்குத் தடையாயிருந்தது. வாக்களித்துச் சபைகளைத் தெரிவுசெய்த மக்களே அவற்றின் பணிகளைத் தம் வாசலிற் பெறமுடியாதிருந்தனர். இத்தடையை நீக்கும் திருத்தம் 2018இலேயே நிறைவேறிற்று. ஆகவே ஹற்றனிலோ நுவரெலியாவிலோ நிலையமொன்று இயங்கினும், மலைச்சரிவுத் தோட்டத்து இளைஞனுக்கு அது ஒரு பேருந்துக் கட்டணத்துக்கும் அரைநாட் பொழுதுக்கும் அப்பாலேயே இருந்தது.

2020இல் கொள்ளைநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் கைத்தொலைபேசிக்கு மாறியபோது, அலை கிடைக்கும் மேடுதேடி மாணவர் ஏறிச்சென்றனர். கணினியை நிறுவுதல் எளிது. அதனை எந்த நிலத்தில், எந்த மொழியில், எவர் பொறுப்பில் நிறுவுவது என்பதே மலையகத்தில் என்றும் தீராதிருந்த வினா. 2018இன் திருத்தம் நிலத்தைப் பற்றிய தடையை அகற்றிற்று. எஞ்சிய இரண்டிற்கும் விடைகாணும் கடமை, வாக்குரிமையுள்ள மக்களுக்கும் அவர்தம் சபைகளுக்கும் உரியதாகும்.