நாலு மேட்ரிக்ஸும் ஒரு லாட் சீட்டும்

திருப்பூர்ல சாயப்பட்டறைக்குள்ள போயிருக்கீங்களா மக்களே? சாயம் ஏறாத துணி மலை மாதிரி கிடக்கும். ஒவ்வொரு லாட்டோடயும் ஒரு சீட்டு: எந்தப் பார்ட்டி, என்ன டயா, என்ன ஜி.எஸ்.எம்., என்ன கலர். சீட்டு கழண்டு விழுந்தா அம்புட்டுதான்! துணி அதே துணிதான், ஆனா எதுன்னு யாருக்கும் தெரியாது.

கண்ட்ரோல் சிஸ்டம் வடிவமைக்கிற மென்பொருள்களோட சரித்திரமும் இந்தச் சீட்டுக் கதைதாங்க.

ரியாக்டிவ் சாயம்னா தண்ணி பெரும்பாலும் 60 டிகிரிக்கு மெதுவா ஏறி, அங்கேயே நிக்கணும். தாறுமாறா ஏறினா கலர் திட்டுத்திட்டா ஆயிடும். நீராவி வால்வைத் திறந்தா சூடு எப்படி ஏறும்ங்கிறதைக் கணக்கா எழுதினா ஏ, பி, சி, டின்னு நாலு மேட்ரிக்ஸ். 1960 வாக்கில் ருடால்ஃப் கால்மன் புண்ணியத்துல பரவின முறை இது.

1970களோட கடைசியில நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்துல இருந்த கிளீவ் மோலர், மாணவர்கள் ஃபோர்ட்ரானோட மல்லுக்கட்டாம கணக்குப் போடட்டும்னு மேட்லேப் எழுதினார். அதுல ஒரே ஒரு டேட்டா டைப்தான், மேட்ரிக்ஸ். 1979-80ல் ஸ்டான்ஃபோர்டுல அவர் பாடம் எடுத்தப்போ கண்ட்ரோல் படிச்ச பசங்க கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. 1984ல் மேத்வொர்க்ஸ் கம்பெனி, அப்புறம் கண்ட்ரோலுக்குன்னே தனி டூல்பாக்ஸ்.

ஆனா சீட்டு கிடையாது! 'ஸ்டெப்'ங்கிற கட்டளைக்கு நாலு சாமான் குடுத்தா ஸ்டேட் ஸ்பேஸ், ரெண்டு குடுத்தா டிரான்ஸ்ஃபர் ஃபங்ஷன். எண்ணிப் பாத்துத்தான் முடிவு பண்ணும் :-) விட்டு விட்டு அளக்கிற மாடல்னா 'டிஸ்டெப்'னு வேற கட்டளை. எது எதுன்னு நாமதான் ஞாபகம் வெச்சுக்கணும். ஏ மேட்ரிக்ஸ்ல 0.9ன்னு ஒரே ஒரு எண் இருக்குன்னு வைங்க. விட்டு விட்டு அளக்கிற மாடல்னா சூடு அடங்கி நிலைக்கு வரும். தொடர்ச்சியான மாடல்னா கணக்கு வானத்துக்கு எகிறிடும். எண்ணைப் பாத்து எப்படிக் கண்டுபிடிக்கிறது?

(மோலரைத் திட்டாதீங்க. அவர் எழுதினது வகுப்புக்கு, தொழிற்சாலைக்கு இல்ல.)

சீட்டை ஒழுங்காக் கட்டினது பிரெஞ்சுக்காரங்கன்னு சொல்வேன். 1994ல் இன்ரியா நிறுவனம் இலவசமா வெளியிட்ட சைலேப்ல 'சிஸ்லின்'னு ஒரு லிஸ்ட்: நாலு மேட்ரிக்ஸ், ஆரம்ப நிலை, நேர வகை எல்லாம் ஒரே மூட்டையில. மேட்லேப்புக்கு ஸ்ட்ரக்சர் வந்தது 1996ல், அஞ்சாம் பதிப்புல. அதுக்கப்புறம் கண்ட்ரோல் டூல்பாக்ஸும் மாடலை நேர இடைவெளியோட சேத்து ஒரே பொருளா வெச்சுது. வேற வேற இடைவெளி உள்ள ரெண்டு மாடலைக் கோத்தா, முடியாதுன்னு முகத்துக்கு நேரா சொல்லிடும்.

ஐஐடி பாம்பேயோட ஃபாஸீ திட்டம் சைலேபை நம்ம ஊர் கல்லூரிகளுக்குக் கொண்டு போகுது. காசு கிடையாது. இறக்கிப் போட்டு அந்த 0.9ஐ ரெண்டு விதமாவும் ஓட்டிப் பாருங்க.